ரேந்தையின் காலமும் திருச்சபையின் நினைவும்

தென்னிந்தியத் திருச்சபையின் வரலாற்று நூல்களைப் புரட்டுவோர் ஒரு வாக்கியத்தைத் தவறாது காண்பர். மால்ட் அம்மையார் 1821ஆம் ஆண்டளவில் நாகர்கோவிலில் ரேந்தைத் தொழிலைத் தொடங்கி வைத்தார் என்பதே அது. ஆண்டு சில நூல்களில் சற்று முன்பின்னாகக் குறிக்கப்படும். வாக்கியத்தின் அமைப்பு மட்டும் மாறுவதில்லை. ஓர் அம்மையார், ஓர் ஆண்டு, ஒரு தொழில் என்னும் மூன்றோடு செய்தி முற்றுப்பெற்றுவிடுகிறது. அத்தொழிலைச் செய்தவர்கள் யாவர், அவர்கள் பெற்றது யாது, இழந்தது யாது என்னும் கேள்விகள் எழுமுன்னரே நாம் அடுத்த பத்திக்குச் சென்றுவிடுகிறோம்.

இக்கட்டுரையில் ரேந்தையின் தோற்றத்தையும் அதன் பல்வேறு பாணிகளின் காலத்தையும் ஆராய முற்படுகிறோம். இறையியல் ஏட்டில் இதற்கு என்ன இடம் என்று வாசகர் வினவக்கூடும். ஒரு கைத்தொழிலின் பிறப்பைக் குறித்து எழுந்த கதைகள் எங்ஙனம் வளர்ந்தன, எவ்விதச் சான்றுகளால் அவை திருத்தப்பட்டன என்பதைக் கண்டால், திருச்சபை வரலாற்றை எழுதும் முறைமையும் ஓரளவு விளங்கும். கொங்கு நாட்டிலுள்ள நமக்கு இது உடனடித் தேவையுமாகும். கோயம்புத்தூரில் இலண்டன் மிஷன் பணி 1830ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனைத் தொடங்கிய ஆடிஸ் ஐயர், திருவிதாங்கூரில் ரேந்தை பின்னப்பட்ட அதே மிஷன் களத்தில் முதலில் பணிபுரிந்து, பின்னர் இங்கு வந்தவர். வரும் 2030ஆம் ஆண்டில் அப்பணிக்கு இருநூறு ஆண்டுகள் நிறைவுறும். மலர்கள் வெளியிடப்படும், சபை வரலாறுகள் எழுதப்படும். அவற்றை எழுதப்போகிறவர்கள் இவ்வேட்டை வாசிக்கும் ஆயர்களும் மாணவர்களுமே.

ரேந்தை என்பது யாது?

கொங்கு நாட்டில் நூலோடு பழகாத ஊர் அரிது. பவானியின் ஜமக்காளத்தையும், சிறுமுகை, நெகமம் ஆகிய ஊர்களின் சேலைகளையும், 1888ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரை கோவையில் நிறுவிய நூற்பாலையையும், திருப்பூரின் பின்னலாடையையும் நாம் அறிவோம். ஆகவே ரேந்தையை இவற்றோடு ஒப்பிட்டே விளக்கலாம். நெசவில் பாவு நூல்கள் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பட்டிருக்க, ஊடை நூல் குறுக்கே ஓடுகிறது. பின்னலாடையில் ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாகக் கோக்கப்படுகிறது. நாம் பேசப்போகும் ரேந்தையில் தறியும் இல்லை, பாவும் இல்லை. இறுக அடைக்கப்பட்ட ஒரு திண்டின்மேல் துளையிட்ட மாதிரித் தாள் பொருத்தப்படும். ஒவ்வொரு நூலும் தனித்தனியே ஒரு சிறு குச்சியில் சுற்றப்பட்டுத் தொங்கும். இக்குச்சியே பாபின் எனப்படும். நான்கு குச்சிகளை ஒரு வேளையில் எடுத்து, நூலைக் குறுக்கிடச் செய்வதும் முறுக்குவதும் ஆகிய இரண்டே அசைவுகளால் முழு வேலையும் நடைபெறுகிறது. நூல்கள் கலையாதிருக்கத் தாளின் துளைகளில் குண்டூசிகள் செருகப்படும். வேலை முடிந்ததும் ஊசிகளைப் பிடுங்கினால் காற்றைப்போல் மெல்லிய பின்னல் தன் வடிவில் நிற்கும். ஒடுங்கிய கரைக்குச் சில பத்துக் குச்சிகள் போதும். அகன்ற பூவேலைக்கு நூற்றுக்கணக்கானவை வேண்டும்.

இதனை ஊசி ரேந்தையினின்றும் கொக்கி ஊசிப் பின்னலினின்றும் வேறுபடுத்தல் வேண்டும். ஊசி ரேந்தை ஒரே நூலைத் தையலூசியால் கண்ணியிட்டுச் செய்யப்படுவது. கொக்கி ஊசிப் பின்னலோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. 1845க்குப் பின் அயர்லாந்தில் நேரிட்ட பெரும் பஞ்சத்தின்போது ஏழைக் குடும்பங்களுக்கு வருவாய் தந்தது. கோதாவரிப் பகுதியிலுள்ள நரசாப்பூரின் ரேந்தை இவ்வகையைச் சேர்ந்தது. நம் நூல்கள் மூன்றையும் ஒரே பெயரால் குறிப்பதால், ஒன்றன் காலத்தை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறும் பிழை எளிதில் நேர்கிறது.

சொல் காட்டும் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரேந்தையின் வரலாற்றை எழுதியோர் அதன் தொடக்கத்தைத் திருமறையிலேயே தேடினர். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏசாயா 19:9, வலைப்பின்னல் நெய்கிறவர்களைக் குறிப்பிடுவது அவர்களுக்குச் சான்றாயிற்று. ஆயின் எபிரெய மூலம் எகிப்தில் வெண்துணி நெய்வோரையே குறிக்கிறதென்று பிற்கால அறிஞர் கொள்வர். யாத்திராகமம் 28:28இல் அதே மொழிபெயர்ப்பு, பிற்காலத்தில் ரேந்தைக்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லையே ஆளுகிறது. அங்கு அதன் பொருள் கயிறு அல்லது கட்டும் நாடா என்பதாகும். நம் தமிழ்த் திருமறை அதனை நாடா என்றே சரியாகப் பெயர்த்துள்ளது. அந்த ஆங்கிலச் சொல் கண்ணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய அரண்மனைக் கணக்குகளில் அச்சொல்லைக் கண்டவுடன் ரேந்தை என்று எண்ணியோர் பலர் நாடாக்களை எண்ணி மயங்கினர்.

தமிழிலும் இதற்கொப்பான ஒரு சிக்கல் உண்டு. ரேந்தை என்னும் சொல் போர்த்துக்கேய மொழியின் ரெண்டா என்பதன் தமிழ் வடிவம். மேசை, சாவி, அலமாரி, ஜன்னல், பாதிரி ஆகிய சொற்கள் வந்த வழியே இதுவும் வந்தது. அங்ஙனமாயின் ஆங்கில மிஷனெரிமார் இங்கு வருமுன்னரே இத்தொழில் தமிழகத்தில் இருந்ததென்று கொள்ளலாமா? சொல் பழையது, ஆனால் சொல் பழையதாயிருப்பது பொருள் அறியப்பட்டிருந்தது என்பதற்கு மட்டுமே சான்று. அப்பொருள் இங்கே செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது. குருமாரின் அங்கியிலும் வணிகரின் கழுத்துப்பட்டையிலும் கண்ட ஒன்றுக்கு மக்கள் அவர்கள் சொன்ன பெயரையே இட்டு வழங்கியிருக்கலாம்.

இலங்கையின் தென்கரையை நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். காலி, வெலிகம ஆகிய ஊர்களில் பெண்கள் இன்றும் திண்டின்மேல் ரேந்தை பின்னுகின்றனர். சிங்களத்தில் அதற்கு பீரளு என்று பெயர். அது போர்த்துக்கேயர் குச்சிக்கு இட்ட பில்ரோ என்னும் பெயரின் திரிபு. அங்கே பொருளின் பெயர் மட்டுமன்றிக் கருவியின் பெயரும் மொழிக்குள் நுழைந்துள்ளது. கருவியின் பெயர் அதைக் கையில் பிடித்தவர்களாலேயே பரவும். பொருளின் பெயரோ அதைக் கண்ணால் கண்டவர்களாலும் பரவும். ஆகவே இலங்கையில் போர்த்துக்கேயர் வழித் தொழிலே வேரூன்றிற்று என்று கொள்ள அச்சொல் இடந்தருகிறது. ரேந்தை என்னும் சொல்லை மட்டும் கொண்டு தமிழகத்தைக் குறித்து அத்துணை கூறுதல் இயலாது.

இறையியல் மாணவர்க்கு இவ்வாதம் புதிதன்று. தானியேல் மூன்றாம் அதிகாரத்தில் வரும் இசைக்கருவிகளுள் சிலவற்றின் பெயர்கள் கிரேக்கச் சொற்கள். அவற்றைக் கொண்டு நூல் அலெக்சாந்தருக்குப் பிற்பட்டதென ஒரு சாராரும், கிரேக்க வணிகரும் வீரரும் அதற்கு முன்னரே கீழ்த்திசையில் நடமாடினர் என மறுசாராரும் வாதிட்டனர். கடன்சொல் தொடர்பைக் காட்டும். அத்தொடர்பு எத்தகையது என்பதை வேறு சான்றுகளே காட்டவேண்டும்.

ஏடு காட்டும் காலம்

இனி எழுத்துச் சான்றுகளுக்கு வருவோம. 1493ஆம் ஆண்டில் மிலான் நகரத்துச் ஸ்போர்சா குடும்பத்துச் சகோதரியர் இருவரின் சொத்துப் பங்கீட்டு ஆவணத்தில், பன்னிரண்டு குச்சிகளால் செய்யப்பட்ட ஒரு கரை குறிப்பிடப்படுகிறது. ரேந்தையின் முதற்சான்றென இதனைப் பலர் காட்டுவர். அது ரேந்தையன்று, முடியைப்போல் பின்னிய நாடாவே என்போரும் உளர். இரு கருத்துகளுக்கும் இடையேயுள்ள தூரம் பெரிதன்று. ஆடையின் ஓரத்தில் தைத்த பின்னல் நாடாக்களினின்றே இத்தொழில் படிப்படியாக வளர்ந்தது. ஒரே நாளில் ஒருவர் கண்டுபிடித்ததன்று அது.

ஐயத்திற்கிடமற்ற சான்று 1557ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டில் வெனிஸ் நகரத்தில் செஸ்ஸா சகோதரரின் அச்சகம் லெ போம்பெ என்னும் மாதிரி நூலை வெளியிட்டது. அதிலுள்ள படங்கள் குச்சிகளால் பின்னும் ரேந்தைக்குரியவை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1561இல், சூரிக்கு நகரில் மற்றொரு மாதிரி நூல் அச்சாயிற்று. அச்சிட்டவர் கிறிஸ்டோப் ப்ரோஷவர். சுவிங்கிலியின் நண்பரான இவரையும், 1522ஆம் ஆண்டு லெந்து காலத்தில் இவருடைய இல்லத்தில் இறைச்சி உண்ணப்பட்டதால் எழுந்த கலகத்தையும், இவர் அச்சிட்ட சூரிக்குத் திருமறையையும் சீர்திருத்த வரலாறு கற்றோர் அறிவர். திருமறை வெளிவந்த அதே அச்சகத்திலிருந்து ரேந்தை நூலும் வந்தது.

அந்நூலின் முன்னுரையே நமக்கு வேண்டுவது. இக்கலை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வெனிசிலிருந்து வந்த வணிகர் வழியாகத் தம் நாட்டை அடைந்ததென்று அதன் ஆசிரியை கூறுகிறார். அதாவது 1536ஆம் ஆண்டளவில். ஓர் உழைப்பாளி தம் தொழிலைக் குறித்துத் தாமே எழுதிய சான்று இது. தொழில் வரலாற்றில் இத்தகைய சான்று கிடைப்பது மிக அரிது. ஆயின் அவருடைய பெயரை நாம் அறியோம். நூல் ஆர். எம். என்னும் இரண்டு எழுத்துகளை மட்டுமே தருகிறது. அச்சிட்டவருக்கு வரலாற்றில் இடம் உண்டு; கற்பித்தவருக்கு இரண்டு எழுத்துகளே உண்டு.

அரசிகளைக் குறித்த கதைகள்

பெயரற்ற உழைப்பாளியின் இடத்தில் பெயர்பெற்ற ஒருவரை நிறுத்துவது மக்கள் நினைவின் இயல்பு. இங்கிலாந்தின் பெட்போர்டு நாட்டுப்புறத்தில் ரேந்தையைக் கற்பித்தவர் எட்டாம் ஹென்றியின் முதல் அரசியாகிய காத்தரீன் என்று சொல்லப்பட்டது. மணமுறிவு வழக்கு நடந்துவந்த காலத்தில், 1531க்குப் பின், அவர் ஆம்ப்டில் என்னும் ஊரில் தங்கியிருந்தபோது ஏழைகளுக்கு வேலை கிடைப்பதற்காகத் தம் ரேந்தைகளை எரித்துவிட்டுப் புதியவை செய்யச் சொன்னாராம். அவர் 1536 சனவரியில் இறந்தார். வெனிசுக்கு அண்மையிலுள்ள சூரிக்கு நகரையே இக்கலை அவ்வாண்டளவில்தான் எட்டிற்று. அதற்குள் ஆங்கிலச் சிற்றூர்ப் பெண்கள் இதில் தேர்ந்துவிட்டனர் என்பது நம்பத்தக்கதன்று. அவ்வூர்களில் நவம்பர் 25ஆம் நாளை ரேந்தைத் தொழிலாளர் விழாவாகக் கொண்டாடினர். அது நூற்போரின் காவலராகக் கருதப்பட்ட புனித காத்தரீனின் நாள். புனிதரின் பெயரும் அரசியின் பெயரும் ஒன்றாயிருந்ததால், விழாவிலிருந்து கதை பிறந்திருக்கலாம். வழிபாட்டு வழக்கத்திலிருந்து காரணக்கதை தோன்றுவதைப் பழைய ஏற்பாட்டு ஆய்விலும் நாம் கண்டிருக்கிறோம்.

லூத்தரன் சபைக்குட்பட்ட சாக்சனி நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அன்னாபெர்க் நகரத்துப் பார்பரா உட்மன் 1575இல் இறந்தவர். 1561இல் ரேந்தையைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டினர் நினைவுச்சின்னம் எழுப்பினர். உண்மையில் அவர் கணவரை இழந்தபின் சுரங்கத் தொழிலையும் பின்னல் வணிகத்தையும் நடத்திய திறமைமிக்க வணிகர். நூற்றுக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்து, அவர்கள் செய்ததை விற்றவர். வேலை கொடுத்தவர் காலப்போக்கில் கண்டுபிடித்தவராக மாற்றப்பட்டார். மால்ட்டா தீவிலும் 1833இல் ஆங்கிலச் சீமாட்டி ஒருவர் ஜெனோவாவிலிருந்து ரேந்தைப் பெண்களை வரவழைத்ததே தொழிலின் தொடக்கமென்று கூறுவர். அத்தீவில் அதற்கு முன்னரும் ரேந்தை உண்டு. தளர்ந்திருந்ததைப் புதுப்பித்தவர் தொடங்கியவர் எனப்பட்டார்.

இங்கிலாந்துக்கு இத்தொழிலைக் கொண்டுசென்றோருள் அகதிகளே முதன்மையானவர்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். 1567இல் ஆல்பா பிரபு நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டபின், அவனுடைய கொடுமைக்குத் தப்பிய பிளாண்டர்ஸ் நாட்டுப் புரோட்டஸ்டாண்டு மக்கள் கடல்கடந்து ஓடினர். 1685இல் நாந்து ஆணை விலக்கப்பட்டபோது பிரான்சின் ஹியூகனோ மக்கள் ஓடினர். வீட்டையும் நிலத்தையும் விட்டோடினவர்கள் தங்கள் விரல்களில் தொழிலைக் கொண்டுசென்றார்கள். அரசியின் அன்பளிப்பு என்று நினைக்கப்பட்டது உண்மையில் துன்புறுத்தப்பட்ட சபையின் மூட்டையில் சென்றதாகும்.

பாணிகளின் வயது

தொழிலின் வயது ஒன்று. பாணிகளின் வயது வேறு. பதினாறாம் நூற்றாண்டின் ரேந்தை பெரும்பாலும் பின்னல் நாடாக்களாலான ஒடுங்கிய கரை. 1620 முதல் 1640 வரை வரையப்பட்ட உருவப்படங்களில் தோளை மூடும் அகன்ற வளைவுக் கழுத்துப்பட்டைகளைக் காண்கிறோம். ஓவியத்தில் வரைந்த ரேந்தைக்கு ஓவியத்தின் ஆண்டே எல்லைக்கல். பதினெட்டாம் நூற்றாண்டில் மெக்லின், வாலென்சியன், பின்ஷ் போன்ற ஊர்ப்பெயர்களால் வழங்கிய பாணிகள் உச்சநிலை அடைந்தன. அவற்றில் தரையும் பூவும் ஒரே தொடர்ச்சியாகப் பின்னப்பட்டன. பிரசல்ஸ், ஹானிட்டன் பாணிகளிலோ பூக்களைத் தனித்தனியே செய்து பின்னர் இணைத்தனர். பழமையின் சாயல் கொண்ட பெயர்கள் எல்லாம் பழையவையல்ல. கிளூனி என்னும் பாணி புகழ்பெற்ற பழைய மடாலயத்தின் பெயரைத் தாங்கினும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது. பெட்போர்டு பாணி என இன்று போற்றப்படுவது, 1851ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சிக்குப் பின் மால்ட்டா ரேந்தையைப் பார்த்து உருவானது.

பொருளே தன் வயதைச் சில வேளைகளில் கூறும். பழைய ரேந்தை ஆளிநார் நூலால் ஆனது. பருத்தி நூல் பெருவழக்கானது ஏறத்தாழ 1830க்குப் பின்னரே. ஜான் ஹீத்கோட் என்பவர் 1808, 1809ஆம் ஆண்டுகளில் உரிமம் பெற்ற இயந்திரம் வலைத்தரையை நெய்யக் கற்றது. ஆகவே இயந்திர வலையின்மேல் தைத்த பூவேலை எதுவும் அதற்கு முற்பட்டதாயிருத்தல் இயலாது. இயந்திரத்தால் கைத்தொழிலாளர் பட்ட வேதனையும் இவ்வாண்டுகளில் அடங்கியுள்ளது. 1816இல் லப்பரோவிலிருந்த ஹீத்கோட்டின் ஆலை தாக்கப்பட்டு, இயந்திரங்கள் நொறுக்கப்பட்டன. அவர் தம் தொழிலை டெவன் நாட்டிலுள்ள டிவர்ட்டனுக்கு மாற்றினார். ஆங்கிலச் சிற்றூர்களின் ரேந்தைப் பள்ளிகளில் ஐந்து வயதுக் குழந்தைகளும் திண்டுக்கு முன் குனிந்து, ஊசிகளை எண்ணும் பாட்டைப் பாடிக்கொண்டு உழைத்தனர். அவர்கள் உழைப்பின் விலை இயந்திரத்தால் வீழத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான், இத்தொழில் திண்டோடும் குச்சியோடும் நாஞ்சில் நாட்டை வந்தடைந்தது.

நாஞ்சில் நாட்டில்

மால்ட் ஐயரும் மார்த்தா மால்ட் அம்மையாரும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். அதற்கு முந்திய ஆண்டில் வந்திருந்த மீட் ஐயரின் குடும்பத்தோடு சேர்ந்து பெண்பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி உருவாயிற்று. வாசிப்பும் வேதபாடமும் கற்ற பிள்ளைகளுக்கு 1820களின் தொடக்கத்தில் ரேந்தையும் கற்பிக்கப்பட்டது. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்து, 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். அவர் வழியாகத் திருநெல்வேலித் தேரிக்காட்டிலும் ரேந்தைத் திண்டுகள் இடம்பெற்றன.

அக்கால நாஞ்சில் நாட்டின் நிலையை மறந்து இச்செய்தியை வாசித்தல் ஆகாது. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855ஆம் ஆண்டு அறிக்கையால்தான் ஒழிக்கப்பட்டது. பள்ளிக்கு வந்த பிள்ளைகளுள் அடிமைகளாயிருந்தோரும் உண்டு. அவர்களுள் சிலர் ரேந்தையால் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைப் பெற்றனர் என்று மிஷன் குறிப்புகள் கூறுகின்றன. மீட்பின் விலை என்னும் சொற்றொடரை நாம் பிரசங்கத்தில் பலமுறை வழங்குகிறோம். அச்சிறுமியருக்கு அது உவமையன்று. குச்சிகளை எண்ணிக் குறுக்கிட்டு முறுக்கிச் சேர்த்த காசு. ரேந்தை வருவாயினால் வேதாகம ஸ்திரீகள் தாங்கப்பட்டனர் என்பதையும் இங்கு சேர்த்து எண்ணவேண்டும். கொடை பெறுவோராய்க் கருதப்பட்ட பெண்கள் ஊழியத்தைத் தாங்கும் கொடையாளராயினர்.

மற்றொரு முரண்பாடும் உண்டு. தோள்சீலைக் கலகம் இவ்வாண்டுகளுக்குரியது. 1829ஆம் ஆண்டு அறிக்கை நாடார் குலத்துக் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்து, மேல்சாதியாரைப்போல் மேலாடை அணிவதைத் தடுத்தது. 1858இல் கலகம் மீண்டும் மூண்டது. 1859ஆம் ஆண்டு அறிக்கை தடையைப் பெரிதும் தளர்த்திற்று. மார்பின்மேல் ஒரு துணியை இடுவதற்கே தெருவில் அடிபட்ட சமுதாயத்தின் பெண்கள், அந்நிய நாட்டுச் சீமாட்டிகளின் கழுத்துக்கும் கைக்கும் உலகின் மிக மெல்லிய அணியைப் பின்னிக்கொண்டிருந்தனர். இவ்விரு செய்திகளையும் நம் நூல்கள் வெவ்வேறு அதிகாரங்களில் எழுதுகின்றன. ஒரே பெண்ணின் ஒரே நாளில் அவை இரண்டும் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணுவதில்லை.

எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்

மிஷனெரி அம்மையாரைப் புகழ்ந்து எழுதுவது ஒரு முறை. அயல்நாட்டுச் சந்தைக்கு மலிவான உழைப்பைத் திரட்டியவர் என்று அவரைப் பழிப்பது மற்றொரு முறை. இரண்டும் அவரையே நடுவில் நிறுத்துகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். முதல் முறை அவருடைய அன்பைப் பேசுகிறது. இரண்டாவது அவருடைய குற்றத்தைப் பேசுகிறது. பின்னியவர்கள் இரண்டிலும் பேசுவதில்லை.

உண்மை இரு பக்கத்தையும் உடையது. பெண்ணின் கையில் அவள் பெயரால் காசு சேர்ந்தது சிறிய மாற்றமன்று. படிக்கவும் எண்ணவும் தெரிந்த, தன் வேலையின் விலை அறிந்த பெண்ணை எக்குடும்பமும் முன்போல் நடத்த இயலாது. ஆயினும் மாதிரியைத் தெரிந்தெடுத்தவர், விலை பேசியவர், விற்றவர் யாவரும் வேறானவர்கள். ஆசிரியை, எசமானி, ஆத்துமத் தாய் என்னும் மூன்று உறவுகளும் ஒருவரிடமே கூடியிருக்கும்போது, கூலியைக் குறித்துக் கேள்வி கேட்பது எளிதன்று. நரசாப்பூரைக் குறித்து 1982இல் மரியா மீஸ் வெளியிட்ட ஆய்வு இதன் நீட்சியைக் காட்டிற்று. உலகச் சந்தைக்குப் பின்னிய பெண்கள், வீட்டிலிருந்தே வேலை செய்ததால், தொழிலாளராகக் கருதப்படாமல் இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டனர். ஓய்வுநேர வேலை என்று பெயரிட்டதனால் குறைந்த கூலி நியாயமாகிவிட்டது.

கொங்கு நாட்டுச் சபைகளில் இது அயலூர்ச் செய்தியன்று. திருப்பூரின் பனியன் நிறுவனங்களுக்காக வீட்டுத் திண்ணையில் நூல் பிசிறு வெட்டும் பெண்களும், காஜா எடுத்துப் பொத்தான் தைக்கும் பெண்களும் நம் ஆராதனைகளில் அமர்ந்திருக்கின்றனர். ஆலை வேலைக்குச் சென்று திரும்பிய மகளிரும் நம் சபைகளில் உண்டு. இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து எழுதப்படும் சபை வரலாற்றில் இவர்கள் எங்ஙனம் இடம்பெறுவர்? ஆலயக் கோபுரம் இன்ன செயலாளர் காலத்தில் இன்ன ஆண்டில் கட்டப்பட்டது என்னும் வாக்கியத்திற்குள் அவர்களுடைய காணிக்கை மறைந்துபோமோ?

நாம் செய்யத்தக்கது

2030ஐ நோக்கி வரலாறு எழுதுவோர்க்கு ரேந்தையின் வரலாறு மூன்று பாடங்களைத் தருகிறது. முதலாவது, தொடங்கினார் என்னும் வினைச்சொல்லைக் கண்டவுடன் நின்று விசாரிக்கவேண்டும். கண்டுபிடித்தவர், கொண்டுவந்தவர், கற்பித்தவர், புதுப்பித்தவர், வேலை கொடுத்தவர் ஆகிய ஐவரையும் ஒருவராக்கிவிடுகிறது அச்சொல். 1830இல் தொடங்கியது என்று நாம் எழுதும்போதும், ஆடிஸ் ஐயருக்குத் தமிழில் துணைநின்றவர், வண்டியோட்டியவர், முதலில் இடங்கொடுத்தவர் யாவர் என்று கேட்கவேண்டும்.

இரண்டாவது, சான்றின் வகையை அறிந்து அதன் எல்லைக்குள் பேசவேண்டும். சொல் தொடர்பைக் காட்டும். கருவியின் பெயர் தொழிலைக் காட்டும். படம் எல்லையைக் காட்டும். நூலிழை தன் வயதைத் தானே கூறும். அவ்வாறே ஞானஸ்நானப் பதிவேடும், திருமணப் பதிவேடும், காணிக்கைக் கணக்கும், உறைவிடப் பள்ளியின் வருகைப் பதிவேடும் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கே விடை தரும். மிஷன் அறிக்கைகள் ஆதரவாளரை நோக்கி எழுதப்பட்டவை. பதிவேடுகளோ ஒருவரையும் நோக்கி எழுதப்படவில்லை. பல சபைகளில் இவை கரையானுக்கு இரையாகும் நிலையில் உள்ளன. வரலாற்றுக் குழு அமைப்பதற்குமுன் அலமாரியைத் திறப்பது நலம்.

மூன்றாவது, பெயரற்றோருக்குப் பெயர் தேடவேண்டும். கிட்டாதவிடத்து, பெயர் இல்லை என்பதையாவது எழுதவேண்டும். யாத்திராகமம் 35ஆம் அதிகாரம் இதற்கு நமக்கு முன்மாதிரி. ஆசரிப்புக் கூடாரத்தின் தலைமைத் தொழிலாளராகிய பெசலெயேலும் அகோலியாபும் தகப்பன் பெயரோடும் கோத்திரத்தோடும் அங்கே குறிக்கப்படுகின்றனர். ஆனால் அவர்களை அழைக்குமுன்னரே, தங்கள் கைகளினால் நூற்று நூலைக் கொண்டுவந்த பெண்களை அவ்வதிகாரம் காட்டிவிடுகிறது. அவர்களுக்குப் பெயர் தரப்படவில்லை. எனினும் அவர்களுடைய ஞானம் குறிக்கப்படுகிறது, நூலின் நிறங்கள் குறிக்கப்படுகின்றன, கைகள் குறிக்கப்படுகின்றன. கூடாரத்தின் திரைகள் யாருடைய நூலால் ஆனவை என்று வாசிப்போர் பின்னர் மறக்கவொண்ணாது.

சூரிக்கு நகரத்து ஆசிரியை தமக்கென்று இரண்டு எழுத்துகளை விட்டுச்சென்றார். நாகர்கோவிலின் பெண்கள் துளையிட்ட தாள்களையும், விடுதலைக்குக் கொடுத்த காசின் செய்தியையும் விட்டுச்சென்றனர். நம் சபைகளின் மகளிர் விட்டுச்செல்வது எது என்பதை இன்று பதிவேட்டை எழுதும் ஆயரின் கையே பெரும்பாலும் தீர்மானிக்கும். அப்பதிவேட்டில் தொழில் என்னும் கட்டம் ஒன்று உண்டு. பெண்களுக்கு நேரே அக்கட்டத்தில் ஒரு கோடிட்டு விடும் வழக்கத்தை முதலில் விடுவோமாக.